இருபத்திரண்டு கும்பிடு

என் அம்மா உண்ணாமலை மரம் ஏறக் கற்றுக்கொண்ட கதையை நான்தான் சொல்ல வேண்டும். அம்மாவிடம் கேட்டால், "அதுல என்ன இருக்குது, ஏறுனேன், எறங்குனேன்" என்று முடித்துவிடுவார்.

என் பெயர் தேவிப்ரியா. ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஊர் மேச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பட்டுப்போன மரங்களை வெட்டி அகற்றும் குழுவில் அம்மாவுக்கு வேலை. மற்றவர்கள் மேலே ஏறி அறுப்பார்கள். அம்மா கீழே விழும் கிளைகளை இழுத்துப் போடுவார். ஆறு வருடம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலிதான் மிச்சம்.

இந்த வருடம் குழுவில் பத்து நாள் ஏறும் பயிற்சி என்றதும் அம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். கடைசி நாளில் பதினைந்து அடி உயரம் ஏறி இறங்கினால் இனி ஏறும் வேலை. முடியாவிட்டால் மறுபடியும் கிளை இழுக்கப் போக வேண்டியதுதான்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. பள்ளி இல்லாததால் நானும் ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே பட்டுப்போன வாகை மரம் ஒன்று நின்றது. சீக்கிரமே அதை வெட்டப் போகிறார்களாம். பயிற்சி கொடுக்கும் அன்பழகன் அண்ணன் மரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்து, உள்ளே உளுத்துப்போகவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே ஆட்களை ஏறவிட்டார்.

கெட்டியான பூட்ஸ். அதற்கு மேல் முழங்கால் வரை வார் போட்டுக் கட்டிய இரும்புக் கம்பி. பாதத்தின் உள்பக்கம் ஒரு கூர்மையான முள். அதைக் கால்முள் என்றார்கள். முள்ளை மரத்தில் குத்திக் குத்தி ஏற வேண்டும். உயிருள்ள மரத்தில் குத்தினால் அதற்குக் காயம் என்பதால், வெட்டப்போகும் மரத்தில் மட்டும்தான் இதைப் பயன்படுத்துவார்களாம். இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு கயிறு மரத்தைச் சுற்றி வரும். இரண்டு கையாலும் அதைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நின்றால் முள் நன்றாகப் பதியும். மரத்தோடு ஒட்டி நின்றால் பிடி விட்டுவிடும். மேலே கட்டிய இன்னொரு கயிறு, தவறினாலும் கீழே விழாமல் காக்கும்.

என்னை மரத்திலிருந்து ரொம்பத் தள்ளி நிற்க வைத்துத் தலையில் ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டார் அண்ணன். அது என் மூக்கு வரை இறங்கியது.

அம்மா நான்கு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் கால் சர்ரென்று வழுக்கியது. கயிறு பிடித்துக்கொண்டது. மறுபடி ஏறினார். மறுபடி வழுக்கினார். ஒன்பது நாளாக இதே கதைதானாம். முள்ளை இன்னும் அழுத்திக் குத்தச் சொன்னார் அண்ணன். அவருடைய கண் முழுக்க அம்மாவின் காலிலேயே இருந்தது.

நான் ஹெல்மெட்டை நிமிர்த்திக்கொண்டு அம்மாவின் கையைப் பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் புத்தகத்திலோ, அரிசியிலோ, யார் மேலோ கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அம்மா மரத்திலும் அதையேதான் செய்தார். ஒவ்வொரு முறை கால் பட்டதும் வலது கையைக் கயிற்றிலிருந்து எடுத்து, முன்னால் சாய்ந்து, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் உடம்பு மரத்தோடு ஒட்டியது, முள் பிடி விட்டது.

கீழே வந்ததும் சொன்னேன். அம்மாவுக்கே அது தெரியவில்லை. அன்பழகன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பட்ட மரந்தானுங்க அக்கா" என்றார்.

"பட்டாலும் மரந்தானுங்களே தம்பி. எத்தன வருசம் நெழல் குடுத்திருக்கும்" என்றார் அம்மா.

இனிமேல் கையை எடுக்க மாட்டேன் என்று சொல்லி ஏறினார். மூன்றாவது அடியிலேயே கை மறுபடி மரத்துக்குப் போய்விட்டது. இறங்கி வந்து, "கை தானா போவுது சாமி. எனக்கு இது வராது போல" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அன்று கண் கலங்கியிருந்தது.

இரவு சாப்பிடும்போது யோசித்தேன். அம்மா கும்பிடுவது தப்பா? இல்லவே இல்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதை நிறுத்தச் சொல்லக் கூடாது. ஆனால் அம்மாவின் கைக்குத்தானே வேறு வேலை இருக்கிறது? என் கை சும்மாதானே இருக்கிறது?

மறுநாள்தான் பயிற்சியின் கடைசி நாள். காலையில் ஏரிக்கரைக்குப் போனதும், மரத்தடியில் கிடந்த பட்டைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, இதுவும் அந்த மரந்தான். நீ ஒவ்வொரு அடி வெக்கிறப்பயும் உனக்குப் பதிலா நான் தொட்டுக் கும்பிட்டுக்கறேன். நீ கயித்த உடாத."

அம்மா என்னையே பார்த்தார். பிறகு பூட்ஸ் மாட்டுவதற்கு முன், வெறுங்காலோடு போய் மரத்தை ஒருமுறை இரண்டு கையாலும் தொட்டு, என் பிள்ளை கும்பிடுவதை என் கும்பிடாக எடுத்துக்கொள் என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

நான் தள்ளிப்போய் நின்றேன். அம்மா முதல் அடி வைத்தார். நான் பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, "ஒண்ணு" என்று கத்தினேன். ஐந்தாவது அடியில் அம்மாவின் வலது கை லேசாக அசைந்தது. "அஞ்சு, நான் கும்பிட்டாச்சு" என்று உரக்கச் சொன்னேன். கை கயிற்றிலேயே நின்றது. முள் நறுக்கென்று பதிந்தது.

பத்து. பதினைந்து. இருபது. இருபத்திரண்டாவது அடி வைத்ததும், பதினைந்து அடி உயரத்துக்கு அடையாளமாக அண்ணன் கட்டியிருந்த சிவப்புத் துணியை அம்மா தொட்டார். குழுவில் எல்லாரும் கை தட்டினார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இறங்கும்போதும் கால் படுமே. என் கண் இமையெல்லாம் பட்டைத் தூள், எரிச்சல் தாங்கவில்லை. அன்பழகன் அண்ணன் என் கையிலிருந்து பட்டையை வாங்கிக்கொண்டார்.

"நீ எண்ணு கண்ணு. எறங்கற கும்பிடு என்னோடது" என்றார். அத்தனை பெரிய மனிதர், ஒன்றுகூட விடாமல் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார்.

அம்மாவின் பெயர் ஏறுகிறவர்கள் பட்டியலில் சேர்ந்தது. அம்மா கால்முள்ளைக் கழற்றினார், பூட்ஸைக் கழற்றினார். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி என்று சொல்லிக்கொள்வதில்லை. அம்மாவும் சொல்லவில்லை. நேராக என்னிடம் வந்து, அலாக்காகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

பத்து வயதுப் பெண்ணை யாராவது இப்படித் தூக்குவார்களா? என் கால் அவர் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. பேருந்து நிறுத்தம் வரை எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் இறக்கிவிடச் சொல்லவே இல்லை.