முகவரியின் முதல் பாதி

வெளியே போகும் கேபிளைப் பிடுங்கியதும் விளையாடிக்கொண்டிருந்த எல்லாரும் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டார்கள். ஒரே ஒரு பெயர் மட்டும் விழவில்லை. மத்தியானம் இரண்டேகால். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே மதுக்கரையில் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். வெளியே விடாத தூறல், உள்ளே விளக்கில்லாத அரையிருட்டு, ஓய்ந்துபோன ஃபிரிட்ஜிலிருந்து சொட்டும் தண்ணீர், மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டரின் முனகல். அந்த முனகலை நம்பித்தான் சாமுவேலின் கம்ப்யூட்டரும் ரௌட்டரும் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் 'இனியா' என்ற பெயர் பச்சைப் புள்ளியோடு நின்றது. வெளியுலகத் தொடர்பே இல்லாதபோது அது எப்படி நிற்கும்? பழைய பதிவு அழியாமல் தங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவர் வேலையைப் பார்த்தார். நான்கு மணிக்குள் முடிக்காவிட்டால் மகள் இரண்டாம் முறையும் போய்விடுவாள்.

இனியா வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. சண்டைக்குக் காரணமே இந்த விளையாட்டுதான். கோட்டை கட்டிக் காவல் காக்கிற இருபது வருடப் பழைய ஆன்லைன் ஆட்டம். நடத்திய கம்பெனி கடையைச் சாத்திவிட்டுப் போனபின், ஆசை விடாதவர்கள் சிலர் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை ஓடவைத்தார்கள். இனியாவும் அவர்களில் ஒருத்தி. கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாளே என்ற ஆத்திரத்தில் சாமுவேல் ஒருநாள் கை நீட்டிவிட்டார். மறுநாள் அவள் இல்லை.

அவள் விட்டுப்போன ஆட்டத்தைச் சாமுவேல் தன் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு வைத்திருந்தார். ஒரு வாரம் கழித்து ஆட்டத்துக்குள் அவள் பெயர் பச்சையானது. 'நல்லா இருக்கறனுங்கப்பா. தேடாதீங்க' என்று இரண்டே வரி. மனுஷன் அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பெண் பத்திரமாக இருக்கிறாள், இனித் தேட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சிமென்ட் ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவருக்குத் திரையில் தெரிவதன் மேல் அப்படியொரு நம்பிக்கை. மனைவி எஸ்தருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. யாராவது எங்காவது பார்த்தேன் என்று சொன்னால் போதும், பஸ் ஏறிவிடுவாள். இன்று அவிநாசிக்குப் போயிருந்தாள். சாமுவேல் தினமும் நான்கு வரி பேசிவிட்டுத் தூங்கப் போனார். அதை நினைத்தால் இப்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

இதுவரை ஆட்டக்காரர்கள் எல்லாரும் நடுவில் இருந்த ஓர் இலவச சர்வர் வழியாக வந்தார்கள். யார் வந்தாலும் அந்த சர்வரின் முகவரிதான் தெரியும். பழைய வகை இன்டர்நெட் முகவரிகள் போதவில்லை என்று அதை இன்று நான்கு மணிக்கு மூடுகிறார்கள். இனிமேல் புது வகை நீள முகவரியோடு நேராகத்தான் வரவேண்டும். அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி. முதல் பாதி எந்த வீட்டு இணைப்பு என்று சொல்லும், மறுபாதி அந்த வீட்டுக்குள் எந்தக் கருவி என்று சொல்லும். ஆனால் அந்தக் காலத்து ஆட்டமோ பதினைந்து எழுத்துக்கு மேல் முகவரியை வாங்காது. அந்த இடத்தை அகலப்படுத்தத்தான் ஒரு மாதமாக முட்டி மோதிக்கொண்டிருந்தார். நடந்துவிட்டால் மகளும் கையை விட்டுப் போகமாட்டாள், எந்த வீட்டில் இருக்கிறாள் என்ற துப்பும் கிடைத்துவிடும். காலில் விழுந்தாவது கூட்டிவந்துவிடலாம்.

மூன்றரைக்கு ஆட்டம் புது முகவரியை வாங்கிக்கொண்டது. கேபிளைச் செருகினார். முதலில் ரோஹன் வந்தான், புனேயிலிருந்து தினமும் விளையாடுகிறவன். அவன் முகவரி முழு நீளத்துக்கும் சரியாக விழுந்தது. சாமுவேல் ஒரு நிமிஷம் முகத்தை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு இனியாவின் பெயருக்கு எதிரேயும் முகவரி வந்தது. முதல் பாதியை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அது அவருக்கு மனப்பாடம். ஒரு மாதமாக அவர் திரும்பத் திரும்ப அடித்த எண்கள் அவை.

அவர் வீட்டு இணைப்பு.

எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். எழுதியதை வரி வரியாகப் பார்த்தார், தப்பில்லை. ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தார். வீட்டு வைஃபையில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று அவர் போன், மேஜைமேல், ரௌட்டருக்குப் பக்கத்திலேயே கிடந்தது, சிக்னல் தொண்ணூற்றிரண்டு. இன்னொன்றுக்குப் பெயர் இல்லை. சிக்னல் நாற்பது.

'கண்ணு, எங்க இருக்கறே?' என்று அடித்தார்.

'ஊட்டுலதானுங்கப்பா.'

பயத்தோடு வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் வந்தது. எழுந்து ஓடினார். சமையலறை, குளியலறை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, கட்டிலுக்கு அடி, பீரோ. யாருமில்லை. மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த இனியாவின் அறையில் மட்டும் ஈரத் தலைமுடியின் வாடை, அப்போதுதான் யாரோ குளித்துவிட்டுத் துவட்டாமல் நின்றதுபோல. இன்வெர்ட்டரின் முனகல் நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடி தொடங்கியது.

திரும்பி வந்தபோது இன்னொரு வரி காத்திருந்தது.

'கிட்ட வரட்டுங்களா?'

விரல் கீபோர்டின் மேலேயே நின்றது. வேண்டாம் என்று அவர் உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனால் அந்த விளையாட்டு வேண்டாம் என்று ஒருமுறை சொல்லித்தானே அவள் போனாள்? இன்னொரு முறை எப்படிச் சொல்வது?

'வா கண்ணு' என்று அடித்தார்.

ரௌட்டர் பக்கத்தில் அந்தப் பெயரில்லாத கருவியின் சிக்னல் ஏறியது. ஐம்பத்தைந்து. அறுபத்தெட்டு. கூடத்தில் சத்தம் எதுவும் இல்லை. எண்பது. ஈர வாடை. தொண்ணூறு. தொண்ணூற்றேழு.

மேஜைமேல் கிடந்த போனைவிடக் கிட்டே.

அந்தப் போன் அதிர்ந்தது. எஸ்தர். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "எட்டுத் தடவ கூப்புட்டனுங்க, லைனே கெடைக்கல. புள்ள கெடச்சுட்டாளுங்க. அவிநாசி பக்கத்துல ஒரு பனியன் கம்பெனி ஹாஸ்டல்ல இருந்திருக்கா. கார் புடிச்சு வந்துட்டோம், நம்ம தெருவுக்குள்ள திரும்பியாச்சு."

போனை அவளிடம் கொடு என்று மட்டும் சாமுவேல் சொன்னார். கொடுத்தாள். அந்த ஆட்டத்தில் நீதானே பேசினாய் என்று கேட்டார்.

"ஊட்ட விட்டுப் போன நாள்ல இருந்து நான் அதத் தொடவே இல்லீங்கப்பா" என்றாள் இனியா. "நீங்க தேடி வருவீங்கன்னு தெனமும் பாத்துட்டிருந்தேன்."

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. எழப் பார்த்தார். தோளில் ஏதோ சில்லென்று அழுத்தியது. சட்டை நனைந்தது. நீர் முதுகில் இறங்கியது.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'நீங்க உக்காருங்கப்பா. நானே போய்த் தொறக்கறேன்.'

வெளியே கார் நின்றது. கேட் கிறீச்சிட்டது. ஈரப் படியில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டினார்கள்.

"அப்பா" என்றாள் இனியா, வெளியிலிருந்து.

"வாரேன்" என்றது அதே குரல், அவர் காதருகில்.

தோளின் பாரம் இறங்கியது. கூடத்துத் தரையில் ஈரக் கால்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே போயின, வாசல்வரை. அங்கே யாருமில்லாத கதவில், தாழ்ப்பாள் மெல்ல விலகியது.