லெட்டி மண்டியிட்ட இடம்

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன திர்சா, அவர் வேலை பார்க்கும் இடத்தின் பெரிய கதவைத் தள்ளியதும் திகைத்துப்போய் நின்றுவிட்டாள்.

கூடத்தின் நடுவில் ஒரு சிறுமி மண்டியிட்டிருந்தாள். கண்களை இறுக மூடி, கைகளைக் கோத்து, ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

இங்கே யாரும் ஜெபம் செய்து திர்சா பார்த்ததில்லை. இது தேவாலயம் இல்லை.

ஆனால் அந்தச் சிறுமியைக் குறை சொல்லவும் முடியாது. லண்டனின் கிழக்கே, சதுப்பு நிலத்தின் நடுவில் நின்ற அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் யாருமே ஏமாந்துபோவார்கள். மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். நடுவில் கண்ணாடி வைத்த கோபுரம். மேற்பக்கம் வளைந்த உயரமான ஜன்னல்கள். உள்ளே இரும்புத் தூண்களில்கூடக் கொடியும் இலையும் வார்த்து, சிவப்பும் பச்சையும் பொன்நிறமும் பூசியிருந்தார்கள். அன்று மதியம் எந்திரங்களை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்ததால் சத்தமும் இல்லை.

சிறுமி கண்ணைத் திறந்தாள். "நான் லெட்டி. போன வாரம்தான் பக்கத்து ஊர்லேருந்து இந்தத் தெருவுக்குக் குடிவந்தோம். பாதிரியார் எப்ப வருவாரு?"

திர்சா வாயைத் திறப்பதற்குள், ஏணிமேல் நின்று எந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த தொழிலாளி பிக்ஸ் சிரித்துவிட்டார்.

"பாதிரியாரா? இது சாக்கடை இறைக்கிற இடம் பாப்பா. லண்டன்ல பாதிப்பேரு வீட்டுக் கக்கூஸ் தண்ணி உன் முழங்காலுக்குக் கீழதான் ஓடுது."

லெட்டியின் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்தது. தன் முழங்காலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, வாசல் வழியாக ஓடியே போய்விட்டாள்.

"இதை அப்பாகிட்ட குடுத்துடுங்க," என்று சாப்பாட்டுத் தூக்கை பிக்ஸின் காலடியில் வைத்துவிட்டு, திர்சாவும் பின்னால் ஓடினாள்.

லெட்டி வாய்க்கால் கரையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உள்ள போனப்ப உனக்கு நாத்தம் அடிக்கலையா?" என்று திர்சா கேட்டாள்.

"அடிச்சுது. லண்டன்ல எங்கதான் அடிக்கல?"

திர்சாவுக்குச் சிரிப்பு வந்தது. லெட்டியின் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"என் தம்பிக்காக வேண்டிக்கிட்டேன்," என்றாள் லெட்டி. "நெட்னு பேரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி காலரால செத்துட்டான். காலைல என்கூட பம்பரம் விட்டான். ராத்திரி இல்ல." அவள் மூக்கைத் துடைத்தாள். "அவன் பேரைப் போயி ஒரு கக்கூஸ்ல சொல்லிட்டேனே. ஆண்டவர் என்ன நினைப்பாரு? இனிமே நிஜக் கோயிலுக்கு எந்த முகத்தோட போவேன்?"

திர்சா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் தண்ணீர் அள்ளி ஊற்றினாள்.

சாயங்காலம் அப்பா ஆபெல் வேலை முடிந்து வந்து, உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தபோது திர்சா கேட்டாள். "அப்பா, காலரா எப்படி வருது?"

ஆபெலின் கை நின்றது. "முன்னெல்லாம் கெட்ட காத்துன்னு சொன்னாங்க. இப்ப தண்ணின்னு சொல்றாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி லண்டனோட இந்தக் கிழக்குப் பக்கம் முழுக்க வந்த குடிதண்ணில சாக்கடை கலந்திருந்துச்சாம்."

"சாக்கடையையா குடிச்சாங்க?"

"தெரியாமத்தான் கண்ணு. பாக்கறதுக்கு நல்ல தண்ணி மாதிரிதான் இருந்திருக்கு. அப்ப நம்ம எந்திரம் ஓடல. கட்டடமே பாதிதான் எழும்பியிருந்துச்சு."

பள்ளிக்கூடத்தில் திர்சாவைச் 'சாக்கடை ராணி' என்று கூப்பிடுவார்கள். அப்பா வேறு வேலை பார்க்கக் கூடாதா என்று அவள் எத்தனையோ முறை நினைத்ததுண்டு. அந்த எந்திரங்கள் எதைத் தூக்கி எறிகின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் அவள் லெட்டி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வா, அங்க போலாம்."

"நீ எதுக்கு என்னைக் கூப்பிடற? கேலி பண்ணவா?"

"இல்ல. மண்டி போட வேணாம். சும்மா வந்து பாரு. பிடிக்கலன்னா ஓடி வந்துடு. நீதான் நல்லா ஓடறியே."

காலையில் நல்ல மழை பெய்திருந்தது. எல்லா எந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. மாட்டு வண்டியைவிட நீளமான இரும்பு உத்தரங்கள் தலைக்கு மேலே ஏறி இறங்கின. தரை அதிர்ந்தது. லெட்டி திர்சாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா? முதல்ல இதைப் பாரு," என்று திர்சா ஒரு தூணைத் தொட்டுக் காட்டினாள். "இது என்ன இலைன்னு சொல்லு."

"பைபிள்ல வர்ற ஏதாவது இலையா?"

"நிலாவாரை."

லெட்டி விழித்தாள். "வயிறு அடைச்சுக்கிட்டா அம்மா காய்ச்சிக் குடுப்பாங்களே, அந்தப் பேதி மருந்தா?"

"அதேதான். கட்டினவருக்கு அவ்வளவு குறும்பு."

லெட்டி தூணையே வெறித்துப் பார்த்தாள். பிறகு அவள் வாயிலிருந்து சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. எந்திரச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. பிக்ஸ்கூட ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் திர்சா அவளைக் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் அழைத்துப்போனாள். கீழே இருட்டில் ஏதோ பெரிதாக ஓடும் இரைச்சல்.

"லெட்டி, உன் தம்பிக்குக் காலரா வந்தது கீழ ஓடுற இந்தச் சாக்கடைலேருந்துதான். குடிக்கிற தண்ணில கலந்துடுச்சாம். எங்க அப்பா சொன்னாரு. எனக்கு நேத்து வரைக்கும் தெரியாது."

லெட்டி பின்வாங்கினாள். மறுபடியும் முகம் வெளுத்தது. ஆனால் ஓடவில்லை. "அதுவா? அந்தத் தண்ணியா?"

"ம். இப்ப கலக்க விடறதில்ல. இந்த எந்திரம் எல்லாத்தையும் மேல இறைச்சு, அந்தப் பக்கக் குழாய்ல தள்ளிடுது."

"அப்புறம் எங்க போகும்?"

"ஊரைத் தாண்டி, ஆத்தோட கடலுக்கு." திர்சா கொஞ்சம் தயங்கினாள். "நெட் பேரை நீ இங்க சொன்னது தப்புன்னு எனக்குத் தோணல."

லெட்டி கம்பிகளுக்கு இடையே குனிந்து கீழே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஆபெலிடம் நேராக நடந்தாள்.

"ஐயா, இதை இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்ட முடியுமா?"

ஆபெல் அவளைப் பார்த்தார். பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். நீராவி அளவு காட்டும் முள்ளைப் பார்த்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நீராவியைத் திறந்துவிடும் பித்தளைத் திருகை மெல்லத் திருப்பினார். எந்திரம் புஸ்ஸென்று மூச்சுவிட, அதன் பெரிய சக்கரம் வேகம் பிடித்தது.

"போதுமா பாப்பா?"

"இன்னும்," என்றாள் லெட்டி.