இடது கன்னம்

தூங்கும்போது யாரும் வெற்றிலை மெல்லுவதில்லை. இந்திரகுமாரின் இடது கன்னம் அசைந்தது.

ஜீவராணி அடுப்படியிலிருந்து பார்த்தாள். மழையால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லாத பகல். தோட்டத்து லயத்தின் கூரைத் தகரத்தில் விழுந்த மழை மற்ற ஓசைகளையெல்லாம் மூடியிருந்தது. கரண்ட் போனதில் காம்பராவுக்குள் நண்பகலே அந்திபோல் கிடந்தது. சுவரில் தொங்கிய அவன் வேலைச் சட்டையிலிருந்து புளித்த ரப்பர் பாலின் வாடை இறங்கி, அடுப்புப் புகையோடு கலந்து, அவள் தொண்டைவரை வந்து நின்றது. அவன் மல்லாந்து கிடந்தான். தாடை அசையவில்லை. கன்னம் மட்டும்.

அவனோடு பால் வெட்டும் சுமித்ரா மடித்த வெற்றிலை, என்று நினைத்தாள். தூக்கத்திலும் துப்ப மனமில்லை இவனுக்கு.

பால் வெட்டுகிறவன் கையெல்லாம் பிசுக்கு. வெற்றிலையைத் தொட முடியாது. பக்கத்தில் வெட்டுகிறவர்களில் கை சுத்தமாக இருப்பவர் மடித்து வாயில் வைப்பார். தெரணியகலைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் யாரும் அதைத் தப்பாக எடுத்ததில்லை. கலியாணமான புதிதில் வாளி தூக்க வந்த ஜீவராணிதான் அவனுக்கு வைத்தாள். வேண்டுமென்றே அவள் விரலை மெல்லக் கடிப்பான். பிறகு அவளை ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு மாற்றினார்கள். அவனுக்கு அடுத்த மர நிரையில் வெட்டச் சுமித்ரா வந்தாள்.

"ஒன் புருசன் கைய நீட்டுற ஆளில்லடி," என்றாள் கூட வேலை செய்யும் மூக்காயி ஒருநாள், காலைப் பிரட்டில் பேர் போடும்போது, எல்லோர் முன்னிலும். "பக்கத்து நிரையப் பாத்தா வாயத்தான் நீட்டுறான்."

எல்லோரும் சிரித்தார்கள். சுமித்ராவும்.

மறுநாளிலிருந்து ஜீவராணி விடியுமுன்பே மடித்தாள். புகையிலை இரண்டு மடங்கு. சுண்ணாம்பும் அப்படியே. அவன் இடது கன்னத்தில் தன் விரலால் ஒதுக்கினாள். படுக்கும்போது இன்னொன்று.

"துப்பாதீங்க. இது இருக்கிறவரைக்கும் இன்னொருத்தியோடது உள்ள போவாது."

அவன் சிரித்தான். துப்பவில்லை. வருஷக்கணக்கில்.

இந்த வருஷம் மாறினான். மிளகாய் இடித்த கட்டசம்பலைத் தள்ளி வைத்தான். எரிகிறதாம்.

"எவ வீட்டுச் சோறு ருசிச்சிச்சு?"

அவன் வாயை விரல் கனத்துக்கு மேல் திறப்பதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஆத்திரத்தில் அவளும் மடிப்பதை நிறுத்தினாள். ஆனால் கன்னத்து உப்பல் போகவில்லை. பெருத்தது.

"என்னத்த ஒதுக்கி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

பொய்.

கதவு தட்டப்பட்டது. சுமித்ரா. தலையில் உரப்பை, அதிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அக்கா, அண்ணன ரத்னபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நேத்து மரத்தடியில ரத்தமாத் துப்பினாரு."

"ரத்தமா, நீ மடிச்சுக் குடுத்த சாறா?"

"நா வெத்தலய விட்டாச்சுக்கா. வாய் பாக்க டொக்டரம்மா வந்தாங்கல்ல, அன்னைக்கே. யாருக்கும் மடிக்கிறதும் இல்ல."

அவள் பற்கள் வெள்ளையாக இருந்தன. ஒரு கறையும் இல்லை.

"சரி, நா சொல்லிட்டேன். அப்புறம் ஒங்க இஷ்டம்."

போய்விட்டாள். ஜீவராணி கதவைச் சாத்தினாள்.

வாய் பார்க்க வந்த டொக்டர் ஸும்றா, வேலைக்காரர் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிய அன்று, ஜீவராணி சுமித்ராவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதெல்லாம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் ஒரே இடத்தை நாளெல்லாம் அரிக்கும். முதலில் வெள்ளையாக ஒரு படலம். வலிக்காது. பிறகு அந்த இடத்துச் சதைக்குச் சாவது மறந்துபோகும். பெருகும். தனக்கென்று இரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளும்.

"பக்கத்துல வேற எதையும் வாழ விடாது," என்றிருந்தார் டொக்டர்.

ஜீவராணி வெற்றிலைத் தட்டை இழுத்தாள். ஒன்று மடித்தாள். உள்ளே இருப்பது எவளாவது மடித்தது என்றால் எடுத்து எறிந்துவிட்டு இதை வைக்கலாம்.

அவளுடையதாக இருக்கட்டும். சாமி, சுமித்ராவுடையதாகவே இருக்கட்டும்.

பாயருகே குந்தினாள். விரலை உள்ளே விட்டாள். இடது பக்கம். தான் வைக்கும் இடம்.

சூடு.

இழுத்தாள். வரவில்லை.

மறுபடி இழுத்தாள். வேர் பிடித்திருந்தது. மேலே உறைந்த ரப்பர் பால்போல் வழவழப்பு. அடியில் துடிப்பு. அவன் மூச்சோடு சேராத துடிப்பு.

அது அவள் விரலைக் கடித்தது. மெல்ல. பல் இல்லாமல்.

உருவிக்கொண்டாள்.

இந்திரகுமார் விழிக்கவில்லை. வாய் மட்டும் திறந்தது. இத்தனை மாதம் திறக்காத அகலத்துக்கு.

மடித்த வெற்றிலை அவள் இன்னொரு கையில் இருந்தது. வாய்க்குள், இருட்டில், அந்த வெள்ளைச் சதை, முலை தேடும் சிசுவின் தலைபோல், மெதுவாக அந்தக் கைப்பக்கம் திரும்பியது.