தற்செயல் விடுப்பு

காலை ஒன்பதே காலுக்கு மணிவாசகம் அரக்கப் பரக்க ஓடிவந்து பேருந்தின் படியில் தொற்றிக்கொண்டார். இதற்காக அவர் வீட்டுச் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. காதுக்குப் பின்னால் பதித்திருந்த கனவிழை, நெரிசலையும் வியர்வை நாற்றத்தையும் நடத்துநரின் வசவையும் அப்படியே மூளைக்குள் இறக்கியது.

செவ்வாய்க் கோளில் மனிதர்கள் வேலை பார்ப்பதை விட்டு இருநூறு வருடங்கள் ஆகியிருந்தன. சமைப்பது, துவைப்பது, ஆட்சி செய்வது எல்லாம் எந்திரர்கள்தான். மனிதர்களுக்கு மிச்சம் விளையாட்டு. அரக்கர்களை வெட்டியும் விண்கலங்களைச் சுட்டும் அலுத்துப்போனவர்கள், இப்போது ‘அலுவலகம்’ என்ற ஆட்டத்தில் கிறுக்குப் பிடித்துக் கிடந்தார்கள். பழைய பூமியின் அலுவலகம் ஒன்று, கோப்புத் தூசியும் கிறீச்சிடும் மின்விசிறியுமாக அதில் இருந்தது. பதினோரு வருடம் விடாமல் ஆடி மணிவாசகம் உதவியாளர் பதவியை எட்டியிருந்தார். வாராவாரம் நண்பர்களுக்குத் தன் சேதியை அனுப்புவார். ‘இந்த வாரம் ஐந்து நிமிடம் தாமதம். மெமோ வாங்கினேன்!’ உடனே வாழ்த்துகள் குவியும்.

அந்த வாரம் மட்டும் அவர் சேதி அனுப்பவில்லை. புதன்கிழமை மகள் நறுமுகைக்கு வெளிநடை. பத்து வயதான பிள்ளை முதல்முறையாக, ஊரை மூடியிருந்த கண்ணாடிக் கவிகையை விட்டு வெளியேறி, திறந்த வானத்தின் கீழ் பெற்றவர் கையைப் பிடித்து நூறு அடி நடக்கும் நாள். நேரம் பகல் பதினொன்று.

“விளையாட்டுதானே? எழுந்து வந்தா முடிஞ்சுது,” என்றாள் மனைவி செங்கமலம்.

“சொல்லாம கொள்ளாம எப்படி வர்றது? சர்வீஸ்ல கரும்புள்ளி விழுந்துடுமே!”

“அதை உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிக்குங்க.”

பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி, வயிற்றுவலி என்று விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். மேலாளர் எஸ்தர் வடக்குக் கவிகையில் வசிப்பவர். ஆட்டத்தில் ஈவிரக்கமில்லாதவர் என்று பேர் வாங்கியவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“சரியா தணிக்கை நேரத்துலதான் வயிறு வலிக்குமா? முடியாது.”

மணிவாசகம் நகரவில்லை. வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னார்.

“மேடம், பொண்ணுக்கு வெளிநடை. அவ கையை நான் பிடிக்கணும்.”

எஸ்தர் பேனாவை மூடினார்.

“என் பையன் வெளிநடைக்கு நான் போகலை. அன்னிக்கு எனக்கு பிரமோஷன் ஆர்டர் வர்ற நாள். ஒரு எந்திரம்தான் அவன் கையைப் பிடிச்சுது.” மறுபடி பேனாவைத் திறந்து பச்சை மையில் கையெழுத்திட்டார். “முழு நாளும் எடுத்துக்குங்க. இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது.”

புதன்கிழமை வெளிக்கதவு திறந்தபோது, தடித்த கையுறைக்குள்ளிருந்த சின்ன விரல்கள் அவர் கையை நெரித்தன. பத்து அடி வரைக்கும்தான் அந்தப் பயம். நூறு அடிக்குப் போனவள் முந்நூறு அடி நடந்தாள்.

“அப்பா, வானம் முடியவே மாட்டேங்குதுப்பா!”

தலைக்கவசத்துக்குள் மணிவாசகத்துக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வழியில்லை.

வீட்டில் வெளிநடை விருந்து முடிந்ததும் மகள் தோழிகளோடு பறந்துவிட்டாள். செங்கமலம் கண்ணயர்ந்தாள். மணிவாசகம் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். தணிக்கைக் கோப்பு யார் கையில் சிக்கிச் சீரழிகிறதோ? ஒரே ஒரு நிமிடம்தான் என்று கனவிழையைத் தட்டினார்.

பூனைபோல் உள்ளே நுழைந்தவரை எஸ்தர் பார்த்துவிட்டார்.

“இன்னிக்கு நீங்க லீவுதானே?”

“ஆமா மேடம். சும்மா… எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுப் போலாம்னு…”

“சரி, வந்தது வந்தீங்க. அந்தக் கோப்பை எடுங்க,” என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வெளியில சொல்லிடாதீங்க. பையனோட ஒரு நாள் இருக்கலாம்னு நானும் இன்னிக்கு லீவு போட்டேன். அவனுக்கு அவன் ஆபீஸ்ல லீவு கிடைக்கலையாம்.”