ஓக் ரோட்டு பிலிஸின் எடை

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு துணிக்கூடையில் விலங்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது அந்தக் கோலா கரடி. காட்டுத்தீயில் நான்கு பாதங்களும் வெந்திருந்தன. முதுகைப் பற்றிக் கிடந்த குட்டியை நர்ஸ் லினெட்தான் பிரித்தெடுத்தாள், ஒவ்வொரு நகமாக.

குட்டிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு நாள் வெச்சுப் பாக்கலாமா?" என்றார் டாக்டர் ஹேமிஷ்.

வாசலில் இன்னும் பதினொரு விலங்குகள் கூடைகளில் காத்திருந்தன. "வேணாம். ஊசி போட்டுடுங்க," என்றாள் லினெட்.

போட்டார். குட்டியின் மூச்சு அடங்கியது. குட்டியின் எடை நானூற்றுப் பத்து கிராம் என்று அட்டையில் எழுதி, அடியில் கோடு கிழித்தாள்.

கிடைத்த இடத்தை வைத்துத் தாய்க்கு 'ஓக் ரோட்டு பிலிஸ்' என்று பெயரிட்டார்கள். பிலிஸ் இலையை முகர்ந்து பார்ப்பதோடு சரி, தின்னவில்லை. ஆனாலும் மறுநாள் காலை எடை ஏறியிருந்தது.

சரியாக நானூற்றுப் பத்து கிராம்.

"கட்டு நனைஞ்சிருக்கும். அவுத்துட்டு நிறுத்துப் பாரு," என்றார் ஹேமிஷ்.

அவிழ்த்தாள். மாற்றமில்லை. அடுத்த வாரம், வந்த அன்றைய எடையைவிட நானூற்று அறுபது கூடுதல். அதற்கடுத்த வாரம் ஐந்நூற்று இருபது.

"நமக்குத் தெரியாம யாரோ இவளுக்கு பீர் ஊத்தறாங்க," என்று ஹேமிஷ் சிரித்தார்.

லினெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. எடை ஏறுவது தாயினுடையதல்ல. ஒரு குட்டி வளரும் கணக்கு அது.

ஒரு சாயங்காலம் கூண்டைக் கழுவும்போது கவனித்தாள். பிலிஸின் முதுகு ரோமம் ஓரிடத்தில் அமுங்கியிருந்தது. உள்ளங்கை அகலம். யூகலிப்டஸ் வாசனைக்கு நடுவே தீய்ந்த மயிரின் நாற்றம்.

கையை நீட்டினாள். முதுகுக்கு நான்கு விரல் மேலேயே கை தடைபட்டு நின்றது.

மெத்தென்று இருந்தது.

மூச்சு விட்டது.

யாரிடம் சொல்வாள்? அன்று 'வேணாம்' என்று சொன்னது அவள் வாய்தானே.

மூன்று மாதத்தில் பாதங்கள் ஆறின. காட்டில் கொண்டுபோய் விடும் நாள் காலையில் கடைசியாக நிறுத்தார்கள். கூடுதல் எடை ஒரு கிராம்கூட இல்லை.

"பாத்தியா, தராசுக்குப் புத்தி வந்துடுச்சு," என்றார் ஹேமிஷ். லினெட்டுக்கு நெஞ்சிலிருந்து கல்லை இறக்கினாற்போல் இருந்தது.

கூடையைத் திறந்ததும் பிலிஸ் மரத்தில் தாவி ஏறியது. திரும்பிப் பார்க்கவேயில்லை. லினெட் வண்டியை நோக்கி நடந்தாள்.

"லினெட், நில்லு." பின்னால் வந்த ஹேமிஷின் குரல் அடங்கிப்போயிருந்தது. "உன் சட்டையை எது புடிச்சு இழுக்குது?"

தோள்பட்டைகளுக்குக் கீழே துணி சின்னச் சின்னக் கொத்தாகச் சுருங்கி இறுகியது. பிறகு மெல்ல ஒரு பிடி மேலேறியது.

லினெட் உதறவில்லை. வண்டியில் ஏறினாள். ஊர் போய்ச் சேரும்வரை இருக்கையில் முதுகைச் சாய்க்கவேயில்லை.