பட்டியலில் இல்லாத சொல்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சண்டிலிப்பாயில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே தயாளினிக்கு எங்காவது படுத்துவிட வேண்டும் போலிருந்தது. பல்கலைக்கழகத்தில் உளவியல் இரண்டாம் வருடம். காலையில் விரிவுரை, பின்னேரம் சுன்னாகத்தில் பிள்ளைகளுக்கு ரியூசன், அதற்குப் பிறகு செய்முறை அறிக்கைகள். மூன்று வாரமாக அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை.

செய்முறையில் அவளுடைய கூட்டாளி கோகுலன் ஒரு வீட்டு வாசல் படலையடியில் சாவியோடு நின்றான். வீடு அவனுடைய பெரியம்மாவினுடையது. அவர்கள் கனடாவுக்குப் போய் வெகுகாலம். சோதனைக்கு அமைதியான அறை வேண்டும் என்றபோது அவன்தான் இந்த வீட்டைச் சொன்னான்.

கதவைத் திறந்ததும் வௌவால் எச்சமும் நனைந்து காய்ந்த கடதாசியும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. பின்வளவில் கிணற்றைத் தகரத்தால் மூடிக் கல் ஏற்றியிருந்தார்கள். பக்கத்துப் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததும் அந்தச் சத்தம் அடியோடு கேட்கவில்லை.

"நல்ல அமைதிதானே," என்றான் கோகுலன்.

சோதனை எளியது. பன்னிரண்டு சொற்களை மெதுவாக வாசிக்க வேண்டும். கேட்டவர் ஞாபகத்தில் நிற்பவற்றை எழுத வேண்டும். வாளி, கயிறு, கப்பி, ஆழம், துலா, பாசி என்று எல்லாமே கிணற்றைச் சுற்றிய சொற்கள். 'கிணறு' மட்டும் பட்டியலில் இல்லை. ஆனாலும் பலர் அதைக் கேட்டதாகவே நம்பி எழுதுவார்கள். இல்லாததையும் இருந்ததாக மனம் சொல்லும் என்பதுதான் பாடம்.

கோகுலன் ஊருக்குள் பத்துப் பேரைச் சொல்லி வைத்திருந்தான். ஒவ்வொருவராக வந்தார்கள். முதலாவது, தோட்டக்காரர் தம்பிஐயா. ஏழு சொற்கள் எழுதினார். 'கிணறு' இல்லை. கடைசி வரியில் 'இராசாத்தி' என்று இருந்தது.

மனைவியின் பெயராக்கும் என்று நினைத்துத் தயாளினி தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டாவது தாளிலும் அந்தப் பெயர் இருந்தது.

ஐந்தாவதிலும் இருந்தது.

ஒன்பதாவது தாள் வந்ததும் அவள் எல்லாத் தாள்களையும் விரித்து வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் அந்தப் பெயர் தவறவில்லை. பத்தாவதாக வந்தவர் அடுத்த வீட்டுப் பத்மாவதி, இந்த வீட்டுச் சாவியை இத்தனை வருடமும் வைத்திருந்தவர். அவர் ஒரேயொரு சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார்.

"அன்ரி, இதை ஏன் எழுதினனீங்கள்?" தயாளினி மெல்லக் கேட்டாள்.

"நீதானே பிள்ளை சொன்னனீ."

"நான் சொல்லேல்லை."

"சொன்னனீ. துலாவுக்குப் பிறகு." அவருடைய குரல் இறங்கியது. "எனக்கு நெஞ்சு திக்கெண்டது. இந்தப் பேரை உனக்கு ஆர் சொன்னது?"

கோகுலன் கைபேசியில் எல்லாவற்றையும் பதிவுசெய்திருந்தான். போட்டுக் கேட்டார்கள். தயாளினியின் களைத்த குரல் வாளி என்றது. கயிறு என்றது. கப்பி. ஆழம். துலா.

ஒரு மூச்சு இழுபட்டது.

"இராசாத்தி."

அதுவும் தயாளினியின் குரல்தான்.

சொன்ன ஞாபகம் அவளுக்கு இல்லை. தூக்கமில்லாதவர்கள் தாம் அறியாமலே எதையாவது சொல்லிவிடுவார்கள் என்று படித்திருக்கிறாள். ஆனால் ஒருநாளும் கேள்விப்படாத பெயரை எப்படிச் சொல்வது?

கோகுலன் பதிவை நிறுத்தினான். "அம்மாவின்ரை தங்கச்சி," என்றான். "சின்னனில ஒருக்கால் அல்பத்தில பார்த்து ஆரெண்டு கேட்டனான். அடி விழுந்தது."

பத்மாவதிதான் மிச்சத்தைச் சொன்னார். இராசாத்திக்கு மனம் சரியில்லை. தொண்ணூற்றைந்தில் போரால் வலிகாமப் பகுதி முழுக்க இடம்பெயர்ந்த அன்று மழை. வண்டிலில் ஏறமாட்டேன் என்று அவள் அலறியிருக்கிறாள். தெருவில் சனம் நெருக்கிக்கொண்டு போனது. அவளை அறைக்குள் விட்டு வெளியே கொண்டி போட்டுவிட்டு, பிறகு வந்து கூட்டிப் போகலாம் என்று வீட்டார் புறப்பட்டுவிட்டார்கள். திரும்பிவர ஆறு மாதமாயிற்று.

"கொண்டி போட்டபடிதான் கிடந்தது," என்றார் பத்மாவதி. "உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை."

"எந்த அறை?"

பத்மாவதி தயாளினி உட்கார்ந்திருந்த கதிரையை விரலால் காட்டினார்.

அன்று பின்னேரம் தயாளினி ரியூசனுக்குப் போகவில்லை. ஞாயிறன்று கோகுலன் அழைத்தான். அவன் அழுதிருக்க வேண்டும்.

"தயா, அந்தப் பேரை அறிக்கையில போடாதை. அம்மாவுக்குத் தெரிஞ்சால் தாங்கமாட்டா. முப்பது வருசமா அந்தப் பேரை எங்கடை வீட்டில எடுக்கிறேல்லை."

"அப்ப என்னத்தைப் போடுறது?"

"கிணறு எண்டு போடு. எல்லாரும் எதிர்பார்க்கிறது அதைத்தானே."

பொய்யான தரவு கண்டுபிடிக்கப்பட்டால் வருடமே போய்விடும். அதைவிட, இன்னொரு தடவை அந்தப் பெண்ணைப் பூட்டிவைப்பது போலவும் அவளுக்கு இருந்தது. வாதாட உடம்பில் தெம்பில்லை. பத்துத் தாள்களையும் புதிதாக எழுதினாள். எட்டில் 'கிணறு' என்று போட்டாள். பழைய தாள்களைக் கிழித்தாள். கைபேசிப் பதிவைக் கோகுலன் அழித்தான். அன்றுதான் அவள் ஒன்பது மணித்தியாலம் தூங்கினாள்.

புதன்கிழமை காலை விரிவுரையாளர் ஜெறோம் அவர்களுடைய அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "பத்தில எட்டு. புத்தகத்தில இருக்கிற மாதிரியே வந்திருக்கு," என்று பாராட்டினார். "எங்கடை வகுப்பிலயும் ஒருக்கால் செய்து பாப்பம். எல்லாரும் ஒரு தாள் எடுங்கோ."

தயாளினி மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். மின்விசிறிகள் சுற்றின. வாளி, கயிறு என்று அவர் நிதானமாக வாசித்தார். துலா வந்தது. அவள் மூச்சை அடக்கினாள்.

"பாசி," என்றார் அவர்.

மீதிச் சொற்களும் ஒழுங்காக வந்து முடிந்தன. அவள் விரலை மடக்கி எண்ணியிருந்தாள். பன்னிரண்டு. ஒன்றும் கூடவில்லை. கண்ணை மூடிச் சாய்ந்தாள். முன்வரிசையில் இருந்த கோகுலன் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

நாற்பது பேரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.

பக்கத்தில் இருந்த ஸஹானா எழுதுவதைப் பாதியில் நிறுத்தினாள். அவள் நகரத்தில் வளர்ந்தவள், சண்டிலிப்பாய்ப் பக்கமே போனதில்லை. தயாளினியின் முழங்கையைத் தொட்டாள்.

"தயா, அதையும் எழுதவேணுமோ?"

"எதை?"

"துலாவுக்குப் பிறகு சேர் சொன்னதை," என்று ஸஹானா கிசுகிசுத்தாள். "கதவைத் திறக்கச் சொல்லி அழுதாரே, அதை."

தயாளினி நிமிர்ந்து பார்த்தாள். வகுப்பில் எல்லோருடைய பேனாக்களும் நின்றிருந்தன. நாற்பது பேரும் அதே கேள்வியோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.