மூன்று பூச்சு வார்னிஷ்

உலகத்தில் இதுவரை செய்யப்பட்ட பிளைவுட் அலமாரிகளில் குற்றம் குறை இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது தன் கார் ஷெட்டில் நிற்கிறது. கணக்கு வாத்தியாரான அவனுக்கு இதில் துளியும் சந்தேகம் இல்லை. பிறந்து ஐந்தே நாளான மகள் இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய முதல் சட்டை, அப்பன் கையால் செய்த அலமாரியில்தான் தொங்க வேண்டும்.

நேற்று மச்சான் வந்திருந்தார். மனைவியின் அண்ணன், பிழைப்பே தச்சு வேலை. கடைசிப் பலகையை மிஷினில் அறுத்துக் கொடுத்தவர், ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கைகளை விரித்து வாய்விட்டு எண்ணினார். "ஒன்னு, ரெண்டு, மூணு..."

"என்ன மச்சான், ஒன்னாங்கிளாஸ் பாடமா?"

"வேலை முடிஞ்சா விரலை எண்ணிடணும் மாப்ளே. கூடக் குறைய இருந்தா அப்பவே தெரிஞ்சிடும்."

"குறையும், ஒத்துக்கறேன். கூடுமா?" ஷெட்டே அதிரச் சிரித்தான். மச்சான் சிரிக்கவில்லை.

காலையில் உள்பக்கமெல்லாம் முதல் பூச்சு அடித்து, தூசி படாமல் இருக்கக் கதவுகளை மூடி, ஷெட்டையும் பூட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்து திறந்தால் பின்பலகையில், முழங்கால் உயரத்தில், ஒற்றை விரல் தடம்.

தன் விரலாகத்தான் இருக்கும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். தேய்ப்பதற்கு முன் ஒப்புக்குத் தன் விரலை வைத்துப் பார்த்தான். தடம் அவன் விரலைவிட ஒரு கணு நீளமாக இருந்தது.

வார்னிஷ் ஈரத்தில் விரல் வழுக்கியிருக்கும். இரண்டாவது பூச்சு அடித்தான். மத்தியானம் திறந்தபோது பின்பலகை கண்ணாடி மாதிரி இருந்தது. நடுத்தட்டில் நான்கு விரல்கள். எதையோ பற்றிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்த மாதிரி.

"என் ஷெட்டு. என் பலகை," என்றான் வகுப்பறைக் குரலில். "மூணாவது பூச்சும் அடிப்பேன். நீ என்ன பண்றேன்னு பாக்கறேன்."

அடித்தான். கதவுகளை மூடி, ஸ்டூலைப் போட்டு நேர் எதிரே உட்கார்ந்தான். தகரக் கூரையில் வெயில் படபடவென்று வெடித்து, மரத்தூளும் வார்னிஷும் கலந்த நெடி தொண்டையில் இறங்கி, தெருவில் போன சைக்கிள் மணி தேய்ந்து தேய்ந்து காணாமல் போன பிறகு, அலமாரிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. பிசுபிசுப்பில் ஒட்டிய விரலை மெதுவாகப் பிரித்தெடுக்கும் சத்தம். இன்னொரு விரல். இன்னொன்று.

திறந்தான். யாரும் இல்லை.

தடம் இருந்தது. இந்த முறை கதவின் உள்பக்கம். முழுக் கை.

போன் அடித்தது.

"மாப்ளே, கிளம்பிட்டோம். கால் மணி நேரம். குட்டி முழிச்சிட்டிருக்கா. அலமாரி ரெடியா?"

"அலமாரி வேண்டாம் மச்சான்."

"என்னது? உலகத்திலேயே ஒன்னே ஒன்னுன்னு சொன்னே?"

"என் பொண்ணு ரூமுக்குள்ள அது வராது."

கதவுகளைச் சாத்தினான். டிரில்லை எடுத்தான். குறையில்லாத அந்தக் கதவுகளின் ஓரமெல்லாம், வார்னிஷ் உரிய, பிளை பிளக்க, ஸ்க்ரூக்களை இறக்கினான். பதினாறு. கடைசி ஸ்க்ரூ இறங்கும்போது உள்ளேயிருந்து கதவை ஒரு தள்ளு. இவன் தோளைக் கொடுத்து முட்டினான்.

"போடா!" என்றான்.

தள்ளு நின்றது.

வாசலில் கார் ஹாரன். மனைவியின் குரல். குழந்தையின் அழுகை.

டிரில்லைக் கீழே வைத்தான். திரும்பிப் பார்த்தான், யாரும் பார்க்கவில்லை. கைகளை விரித்தான். உதடு மட்டும் அசைந்தது.

ஒன்னு. ரெண்டு. மூணு. ஒன்றுவிடாமல் எண்ணினான்.

பத்து.

"பதினொன்னு," என்றது அலமாரி. அவன் குரல். அதே வகுப்பறைக் குரல்.

மேலே முதல் ஸ்க்ரூ இடப்பக்கமாகத் திரும்பிக் கழலத் தொடங்கியது.